நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

கேமரா உள்ள கைப்பேசி
எங்கள் ஆலைக்குள் வரக்கூடாது.
வாயில் லாக்கரில் அது இரவெல்லாம் உறங்கும்.
அதனால் ஜூரோங் ஈஸ்ட் நூலகத்தில்
பதினோரு பக்கம் அச்செடுத்து
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் மடித்து
தீவுக்குள் கொண்டுவந்தேன்,
ஒரு குழாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை.

அமெரிக்காவில் எங்கோ
கோதுமை வயல்களுக்குக் கீழே
ஆறாயிரம் மைல் ஓடுகிறதாம்.
அதில் ஒரு சாண் எனக்கு வேண்டும்.
கையிருப்பு மூவாயிரம் வெள்ளி.
போனஸில் ஏர்கான் பழுதுக்கும்
மாமியார் பல்லுக்கும் போக மிஞ்சியது.

"எட்டு விழுக்காடு டிவிடெண்ட், அக்கா.
பேங்க் தருமா?" என்றான்
கட்டுப்பாட்டறை நியமத்துல்லா.
இருபத்தாறு வயது.
அந்தப் பங்கை வாங்கி நாலு மாதம் ஆகிறது.
காலையில் வாயிலில் கைப்பேசியைத் திறப்பான்;
பச்சை என்றால் எனக்கும் தே தாரிக்,
சிவப்பென்றால் தனியாகக் குடிப்பான்.

எனக்குப் பங்கு தெரியாது.
அழுத்தமானி தெரியும்.
பதினெட்டு வருடம் முள்ளையே பார்த்த கண்.
முள் திடீரென ஏறினால்
இங்கே யாரும் கைதட்டுவதில்லை.
எங்கோ அடைத்திருக்கிறது என்று
டார்ச்சோடு ஓடுவோம்.

போன வருடம் ஐந்து. இப்போது எட்டு.
கொடுக்கும் காசு ஒரு சல்லியும் கூடவில்லை.
பங்கு விலைதான் விழுந்திருக்கிறது.

இரவு இரண்டு மணி.
தீக்கோபுரத்தின் சுடர்
சன்னலில் ஆரஞ்சாய் அசைய, வாசித்தேன்.
வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும்
வாடிக்கையாளர் கட்டணம் கட்டியாக வேண்டும்.
நல்லது.
வாடகை வீடு மாதிரி,
படுத்தால் என்ன, பூட்டிப் போனால் என்ன.
ஆனால் பாதி வீட்டில் ஒரே குடித்தனம்;
அவர்கள் ஒப்பந்தம் நாலே வருடத்தில் முடிகிறது.
நான் இருபது வருடம் உட்கார வந்தவள்.

குழாய் ஈட்டியது நூறு என்றால்
பங்குதாரருக்குப் போனது நூற்றுப் பதினான்கு.
அந்தப் பதினான்கு?
ஆறு பக்கம் தள்ளி, கடன் கணக்கில் இருந்தது.
கடன் வாங்கி மொய் எழுதும் வீடு.
பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம்;
பெண் கொடுக்கலாமா?

அந்த எட்டு வெள்ளியும்
அங்கேயே வரி பிடித்து
ஐந்து வெள்ளி அறுபது காசாய்த்தான் கரையேறும்.
கசிவு இல்லாத குழாய் எது, சரி,
அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது.
பராமரிப்புச் செலவு:
அறுபத்திரண்டு மில்லியன், ஐம்பது, நாற்பத்தொன்று.
மூன்று வருடத்தில் இவ்வளவு இறக்கம்.
பக்கத்தில் விளக்கம்: செயல்திறன் மேம்பாடு.

அந்தச் சொல்லை நான் சந்தித்திருக்கிறேன்.
முன்பு வேலை பார்த்த இடத்தில்
ஒரு முழங்கை வளைவை
அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம் என்று
தள்ளிப்போட்ட வருடம்
அதற்கும் இதே பெயர்தான்.
வெளியே வண்ணம் பளபளத்தது.
உள்ளே இரும்பு நகத்தளவு மெலிந்திருந்தது.
கீறிப் பார்த்தது இந்தக் கைதான்.

"அப்ப வேண்டாமா?"
தெரியாது என்றேன்.
பொய்யில்லை.
விலை இன்னும் இறங்கி, கடனையும் அடைத்து,
அடுத்த அறிக்கையில் அந்த நாற்பத்தொன்று
திரும்ப அறுபதானால்
நானே முதல் ஆளாய் வாங்குவேனோ என்னவோ.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தாயிற்று.
ஆறுதான் இன்னும் சரியில்லை.

அந்த ஒரு பக்கத்தை மட்டும்
கேட்டு வாங்கிக்கொண்டான்.
எண்கள் மேல் விரலை வைத்து
பாட்டரி தீர்ந்த கடிகாரம் போல் இருந்தான்.

ஏழு மணிக்கு வாயிலில் லாக்கர் திறந்தது.
கைப்பேசியை எடுத்தவன்
திரையைத் தொடாமல் பைக்குள் போட்டான்.
பச்சையா சிவப்பா, கேட்கவில்லை நான்.
பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம்.
தே தாரிக் இரண்டு,
இன்று நான் வாங்கினேன்.